சந்தேகத்துக்கென்று ஒரு நோட்டு

முதல் ஐம்பது பக்கத்தோடு நின்றுபோன நாவல்கள் நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் கிடக்கின்றன. ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்து, கைப்பிரதிகளைப் படித்து அபிப்பிராயம் சொல்பவனாக ஓய்வு பெற்றவன் நான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. எழுதுகிற பிள்ளைகள் இன்னமும் தேடி வருகிறார்கள். என்ன கதை என்று கேட்டால் முகம் மலரச் சொல்வார்கள். எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டால் குரல் இறங்கிவிடும். “எழுதினதை எடுத்துப் படிச்சேன் ஐயா. எனக்கே பிடிக்கல. நமக்கு இதெல்லாம் வராது போலன்னு மூடி வச்சுட்டேன்.” வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது இதுதான்.

நேரம் இல்லை, ஆபீஸ் வேலை, வீட்டில் சத்தம் என்று வேறு காரணங்களும் சொல்வார்கள். அவையும் பொய்யில்லை. ஆனாலும் நாவலை நிறுத்துவது ‘நமக்கு வராது’ என்கிற அந்த எண்ணம்தான் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அது தலைகாட்டியதும் பேனாவை மூடிவிடுகிறோம். முதலில் நம்பிக்கை வரட்டும், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறோம். காத்திருப்பிலேயே வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

இப்படி வருகிறவர்களுக்கு நான் அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்கைப் பற்றிச் சொல்வது வழக்கம். ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலை அவர் 1938ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் தொடங்கி அக்டோபர் 26ஆம் தேதி முடித்தார். அந்த ஐந்து மாதமும் கூடவே ஒரு நாட்குறிப்பு எழுதிவந்தார். அவர் 1968இல் காலமானார். நாட்குறிப்பு 1989இல்தான், ராபர்ட் டிமாட் என்ற ஆய்வாளரின் பதிப்பில், ‘ஒர்க்கிங் டேஸ்’ என்ற பெயரில் வெளிவந்தது. ஒரு பெரிய நாவல் நாளுக்கு நாள் எப்படி நகர்கிறது என்பதை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக் காட்டும் புத்தகம் வேறொன்றை நான் படித்ததில்லை.

அந்த நாவலுக்கு முன்கதை உண்டு. 1936இல் சான் பிரான்சிஸ்கோ நியூஸ் பத்திரிகைக்காக, கலிபோர்னியாவின் பண்ணைகளுக்குப் பிழைப்புத் தேடி வந்திருந்த குடும்பங்களைப் பார்க்கப் போனார் ஸ்டைன்பெக். வறட்சியும் புழுதிப் புயலும் வங்கிக் கடனும் டிராக்டரும் சேர்ந்து ஓக்லஹோமா போன்ற மாநிலங்களிலிருந்து துரத்திவிட்ட விவசாயிகள் அவர்கள். அரசு நடத்திய முகாம் ஒன்றின் மேலாளர் டாம் காலின்ஸ் அவருக்குப் பழக்கமானார். அந்த மக்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படிப் பேசினார்கள், என்ன பாடினார்கள் என்பதையெல்லாம் அறிக்கைகளாக எழுதிவைத்திருந்தவர் காலின்ஸ். அவற்றை ஸ்டைன்பெக்கிடம் கொடுத்தார். அக்டோபரில் ஏழு கட்டுரைகள் வெளிவந்தன. 1938 தொடக்கத்தில் வைசேலியா பகுதியில் வெள்ளம் சூழ்ந்து குடும்பங்கள் பட்டினி கிடந்தபோது, ஸ்டைன்பெக் காலின்ஸுடன் சேற்றில் இறங்கி உதவி வேலை பார்த்தார்.

இவ்வளவும் பார்த்த பிறகு அவர் எழுதி முடித்தது வேறொரு நாவல். அவர் பிறந்த ஊரான சலினாஸில் கீரைப் பண்ணைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி அடித்து ஒடுக்கியிருந்தார்கள். அவர்களைக் குத்திக் கிழிக்கும் நையாண்டிக் கதை அது. அறுபதாயிரம் சொற்களுக்குக் குறையாது. 1938 மே மாதத்தில் அதைத் தன் கையாலேயே அழித்துவிட்டார். பதிப்பாளர் பாஸ்கல் கோவிசிக்கும் தன் இலக்கிய முகவருக்கும் அவர் காரணம் எழுதினார்: மனிதர்களை ஒருவருக்கொருவர் புரியவைப்பதற்காகவே இத்தனை நாளும் எழுதிவந்தேன், இந்தப் புத்தகமோ அரைகுறைப் புரிதலைக் கொண்டு வெறுப்பை வளர்க்கப் பார்க்கிறது, ஆகவே இது வெளிவரக் கூடாது.

பிள்ளைகளிடம் இந்த இடத்தில் நிறுத்தி, நன்றாகக் கவனிக்கச் சொல்வேன். எழுதியது சரியில்லை என்று தீர்மானிப்பது வேறு. எனக்கு எழுத வராது என்று தீர்மானிப்பது வேறு. முதலாவதைத் தீர்மானிக்கப் பக்கம் கையில் இருக்கிறது, படித்துப் பார்க்கலாம், காரணம் காட்டலாம். இரண்டாவதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஸ்டைன்பெக் முதலாவதைத் தீர்மானித்தார். அதே மாதம் முடிவதற்குள் அடுத்த நாவலுக்கு உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவர் வீட்டு நாய்க்குட்டி ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ கைப்பிரதியில் பாதியைக் கடித்துக் குதறியது. ஏறக்குறைய இரண்டு மாத உழைப்பு போயிற்று. வேறு பிரதியும் இல்லை. திரும்ப உட்கார்ந்து எழுதினார். போனது போகட்டும் என்று மறுபடி உட்காரும் பழக்கம் அவருக்கு இப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

இனி அந்த ஐந்து மாதத்துக்கு வருகிறேன். லாஸ் கேட்டோஸ் என்ற ஊரில் மலைச்சரிவில் ஒரு வீடு, அதில் மிகச் சிறிய ஒரு எழுத்தறை. பன்னிரண்டு அங்குல அகலமும் பதினெட்டு அங்குல நீளமும் உள்ள கணக்குப் பேரேடு ஒன்றில் அவர் நாவலை எழுதினார். அவருடைய அப்பா மாண்டெரி கவுண்டியின் கருவூல அதிகாரியாக இருந்தவர். ஆரம்ப காலத்தில் மகன் எழுதிப் பழகியது அப்பாவின் அலுவலகப் பேரேடுகளில்தான். எழுத்து எறும்பு எழுத்து. சுமார் 2,00,000 சொற்கள் கொண்ட நாவல் முழுவதும் 165 பக்கத்தில் அடங்கிவிட்டது. பக்கத்துக்கு 1,200 சொல்! கைப்பிரதிகளோடு காலம் கழித்தவன் என்பதால் சொல்கிறேன், அப்படி எழுதுகிறவர் அடிக்கடி அடித்துத் திருத்துகிறவராக இருக்க முடியாது. தலைக்குள் வாக்கியம் முழுதாக உருவான பிறகே பேனா தாளில் இறங்கியிருக்க வேண்டும்.

நாளைக்கு 2,000 சொல் என்று கணக்கு வைத்துக்கொண்டார். காலையில் நாவலைத் தொடுவதற்கு முன் நாட்குறிப்பைத் திறப்பார். முன்பும் நாட்குறிப்பு எழுத முயன்றதாகவும், அது சரிப்பட்டு வரவில்லை என்றும் முதல் பதிவிலேயே சொல்லிவிடுகிறார். அதனால் இதில் அழகாக எழுதும் முயற்சியே இல்லை. நேற்று ராத்திரி தூக்கம் சரியில்லை, வயிறு சரியில்லை, விருந்தாளி வந்துவிட்டார் என்று ஆரம்பிக்கும். பிறகு, இன்றைக்கு நாவலின் மையமான ஜோடு குடும்பம் எங்கே நிற்கிறது, எந்தக் காட்சியை எழுத வேண்டும், எந்த வேகத்தில் போக வேண்டும் என்று வரும். அவசரப்படாதே, இன்றைய காட்சியை மட்டும் பார், மொத்தப் புத்தகத்தையும் நினைத்தால் பயம்தான் மிஞ்சும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அவ்வளவுதான் பதிவு. பிறகு பேரேட்டைத் திறந்து வேலையில் இறங்கிவிடுவார். எழுதாமல் போன நாட்களும் உண்டு. அவற்றையும் ஒளிக்கவில்லை. சோம்பேறித்தனம் என்று தன்னைத் திட்டி எழுதியிருக்கிறார். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் திரும்ப ஓட்டம் பிடிப்பது எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார்.

அந்தக் கோடையில் நிம்மதி என்பதே இல்லை. பக்கத்தில் வீடு கட்டும் சத்தம். மனைவி கேரலுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. போக்கும் வரவுமாக நண்பர்கள். புதிதாக நிலம் வாங்கும் பேச்சு. இத்தனைக்கும் நடுவில் பதிப்பகமான கோவிசி-ஃப்ரீட் திவாலாகிறது. எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்தை யார் வெளியிடப் போகிறார்கள் என்பதே தெரியாத நிலையில் மனிதர் இன்றைய 2,000 சொல்லை எழுதுகிறார். கோவிசி பிறகு வைக்கிங் பதிப்பகத்தில் சேர்ந்தார். ஸ்டைன்பெக்கும் கூடவே அங்கே போனார்.

ஆகஸ்ட் மாதத்துப் பதிவுகளைப் படிக்கும்போது எனக்கு மனது கனத்துப்போகும். நான் எழுத்தாளனே இல்லை, என்னையும் ஏமாற்றிக்கொண்டு மற்றவர்களையும் ஏமாற்றிவந்திருக்கிறேன் என்கிற தொனியில் எழுதுகிறார். என் வீட்டுக்கு வரும் பிள்ளை ‘நமக்கு வராது’ என்று சொல்கிறதே, அதுவேதான். அப்போது அவருக்கு 36 வயது. ‘டார்ட்டில்லா ஃப்ளாட்’, ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ இரண்டும் அவருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்திருந்தன. அந்தப் புகழ் இந்தச் சந்தேகத்தைப் போக்கவில்லை. முன்பு எழுதியதற்குக் கிடைத்த பாராட்டு, இப்போது எழுதுவதற்கு உதவுவதே இல்லை என்பதைப் பல எழுத்தாளர்களிடம் நேரிலும் பார்த்திருக்கிறேன்.

சந்தேகத்தை எழுதிய அதே கையோடு நாவலின் அடுத்த பத்தியையும் எழுதியதில்தான் ஸ்டைன்பெக்கின் சாமர்த்தியம் இருக்கிறது. சந்தேகத்தோடு அவர் வாதாடவில்லை. அதை வெல்ல முயலவில்லை. அதற்கென்று ஒரு நோட்டைக் கொடுத்து, உன் பாட்டை இங்கே பாடிக்கொள் என்று விட்டுவிட்டார். நம் வீட்டுப் பெண்கள் காலண்டரில் பால் கணக்குக் குறிப்பார்களே, அந்த மாதிரிதான் நாவல் வேலையும்: இன்று பால் வந்ததா, எவ்வளவு வந்தது. தரத்தைப் பற்றிய தகராறு மாதக் கடைசியில். அவரும் நாவலின் தரத்தைப் பற்றிய தீர்ப்பை முடிவு வரை தள்ளிப்போட்டுவிட்டு, நாள் கணக்கை மட்டும் கறாராக வைத்துக்கொண்டார்.

அக்டோபரில், முடிவு கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், மனம் தெளிந்துவிட்டது என்றுதானே எதிர்பார்ப்போம்? இல்லை. தான் நினைத்த பெரிய புத்தகமாக இது வரவில்லை, சாதாரணமானதாகத்தான் இருக்கிறது, இதில் வேதனை என்னவென்றால் என்னால் இதற்கு மேல் செய்ய முடியாது என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார். பதிப்பாளரிடமும் இது பரவலாக விற்காது, முதல் பதிப்பைச் சிறிதாகவே அச்சிடுங்கள் என்று சொன்னார். ஆக, நம்பிக்கை கடைசிவரை வரவே இல்லை. நாவல் வந்துவிட்டது.

அந்தப் புத்தகம் 1939 ஏப்ரல் 14ஆம் தேதி வெளிவந்தது. ஓராண்டுக்குள் நாலு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அமெரிக்காவில் அந்த ஆண்டு மிக அதிகமாக விற்ற நாவல் அதுதான். 1940இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஜான் ஃபோர்டின் இயக்கத்தில் திரைப்படமும் வந்தது. கதை நடக்கும் கெர்ன் கவுண்டியிலேயே நூலகங்களிலும் பள்ளிகளிலும் அதைத் தடை செய்தார்கள், எரித்தார்கள். எழுதியவருடைய கணிப்பு எவ்வளவு தவறாகப் போயிற்று பாருங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது தன் எழுத்தை எடைபோடும் ஆற்றல் ஸ்டைன்பெக்குக்கே இல்லாதபோது, ஐம்பதாம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் நமக்குத் தீர்ப்புச் சொல்லலாமா?

இவ்வளவு சொல்லிவிட்டு கேரலை விட்டுவிட்டால் அது நியாயமாகாது. எறும்பு எழுத்தில் இருந்த அந்தப் பேரேட்டைப் படித்து, திருத்தி, 751 பக்கமாகத் தட்டச்சு செய்தவர் அவர். நாவலுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான்; அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தார். புத்தகம் பிறக்க வேண்டும் என்று மனதார விரும்பியவர் என்று கேரலுக்கும், அதை வாழ்ந்தவர் என்று டாம் காலின்ஸுக்கும் சமர்ப்பணம் எழுதியிருக்கிறார் ஸ்டைன்பெக். எழுத்தாளனின் தனிமை பற்றி நிறையப் பேசுகிறோம். அந்தத் தனிமைக்கு வெளியே நின்று கதவைக் காத்தவர்களைப் பற்றி நாம் பேசுவது குறைவு. நான் வேலை பார்த்த காலத்தில் பல நாவல்களின் நல்ல பிரதி எழுத்தாளரின் மனைவி கையெழுத்தில்தான் வந்து சேரும். முன்னுரையில் ஒரு வரி கூட இருக்காது. எனக்கு அது என்றும் ஒப்பவில்லை.

அந்த வேகத்துக்கு இருவரும் விலை கொடுத்தார்கள். நாவல் முடிந்ததும் ஸ்டைன்பெக் படுத்துவிட்டார். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புவலி மாதக்கணக்கில் வாட்டியது. கேரலும் களைத்துப்போனார். 1943இல் மணமுறிவு. எல்லாவற்றுக்கும் நாவலே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஒரு குடும்பத்தின் முறிவுக்கு ஒரே காரணம் இருப்பதில்லை. ஆனாலும் ஐந்து மாதத்தில் 2,00,000 சொல் என்பது உடம்பு தாங்குகிற கணக்கு அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டு, குழந்தைகளை வளர்த்துக்கொண்டு எழுதுகிறவர்கள் அதைப் பின்பற்றவே கூடாது. நாளைக்கு 200 சொல் போதும். வைத்துக்கொண்ட கணக்கை விடாமல் நடத்துவதுதான் காரியம்.

பதின்மூன்று வருஷம் கழித்து, 1951 ஜனவரி 29ஆம் தேதி, அவர் ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ எழுத உட்கார்ந்தார். இதற்கிடையில் இரண்டு மணமுறிவு, உயிர் நண்பர் எட் ரிக்கெட்ஸின் மரணம், கொஞ்ச காலம் எழுத்தே ஓடாத நிலை. இந்த முறை கோவிசி கொடுத்த பெரிய நோட்டில், வலது பக்கம் நாவல், இடது பக்கம் கோவிசிக்கு ஒரு கடிதம். தினமும் காலையில் அந்தக் கடிதம்தான் முதல் வேலை. பென்சில் உருண்டையாக இருந்தால் தேவலை, பட்டைப் பென்சில் விரலை அறுக்கிறது என்பது முதல், குழந்தைகள் பற்றிய கவலை, இன்றைக்கு எழுத வேண்டிய காட்சியின் சிக்கல் வரை எல்லாம் அதில் இருக்கும். 1938இல் தனக்குத்தானே முனகிக்கொண்டவர், இப்போது ஒரு நண்பரிடம் பேசுகிறார். சந்தேகம் இதிலும் இருக்கிறது. ஆனால் தன்னைத் தானே அடித்துக்கொள்வது குறைந்திருக்கிறது. நவம்பரில் முதல் வரைவை முடித்தார். கைப்பிரதியை வைத்துக் கொடுக்கத் தன் கையாலேயே ஒரு மரப்பெட்டியும் செதுக்கி, கோவிசிக்கு அனுப்பினார். என் சொந்த அபிப்பிராயத்தில், எழுத வருகிறவர்கள் பின்பற்ற வேண்டியது இந்த இரண்டாம் முறையைத்தான். நம்பிக்கையான ஒரு ஆளுக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டு காலையில் பத்து வரி எழுதிவிட்டு வேலைக்கு இறங்கலாம். அனுப்ப வேண்டியதில்லை. கோவிசிக்கும் அந்தக் கடிதங்கள் அன்றாடம் போகவில்லை. நோட்டு முடிந்த பிறகே மொத்தமாக அவர் கைக்குப் போயின.

“இதுக்கு ஏன் ஐயா அமெரிக்காவுக்குப் போகணும், நம்ம ஆட்கள் இல்லையா?” என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. நம்மிடம் பெரிய நாவலாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதிக்கொண்டிருந்த நாட்களின் நோட்டுகள்தான் நம் கைக்கு அதிகம் வந்து சேரவில்லை. பள்ளித் தலைமையாசிரியர் ஒருவருடைய கைப்பிரதிக்கு நான் மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுதிய நாவல். ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் பென்சிலால் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கும். “இன்று கை ஓடவில்லை.” “மூத்தவளுக்குக் காய்ச்சல். நாளை பஞ்சாயத்துக் காட்சி.” “இது தேறாது என்று தோன்றுகிறது. பார்க்கலாம்.” நாவல் அச்சாகி நன்றாகவே போயிற்று. அச்சு முடிந்த கைப்பிரதிகளைக் கட்டுக் கட்டாக எடைக்குப் போடுவது அந்தக் கால அச்சகங்களின் வழக்கம். அந்தப் பென்சில் வரிகளும் அப்படியே போயின. அச்சிட்ட நாவலைவிட அவை இன்றைய பிள்ளைகளுக்கு அதிகம் பயன்பட்டிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ எழுதிய பேரேடு இன்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் எழுதுகிறவர் யாராவது இருந்தால், அல்லது இருந்து மறைந்திருந்தால், அவருடைய நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். அடித்துத் திருத்தியது, பாதியில் நின்றது, ஓரத்தில் புலம்பியது எதுவானாலும் எடுத்து வையுங்கள். வீட்டில் இடமில்லை என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தில் கேட்டுப் பாருங்கள்.